இஸ்திரி போட்ட ஸ்வரங்கள்

1998

ஜூன் 9, செவ்வாய்

பேப்பர் வாங்க இன்று டவுனுக்குப் போயிருக்கவே கூடாது. தேரடி வீதியில் சக்கரபாணியின் டி.டி.பி. கடை வாசலில் புது போர்டு. "தென்றல் ஸ்வர ஃபாண்ட் இங்கே கிடைக்கும். உருவாக்கம்: சக்கரபாணி." தென்றல் அவன் பெண். பெண் பெயரை வைத்துக்கொள்ளட்டும், போகட்டும். உருவாக்கம் யார்? கட்டையில போறவனே, உருவாக்கம் யாருடா?

ஸ ரி க ம என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால் பாதியில் நிற்கிற ஆள் அவன். அந்தக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக மவுசில் வரைந்தவள் நான். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் ஒரு புள்ளி. அதற்கு முன்னால் இந்த ஊரில் பாட்டுப் புத்தகம் அடித்தவர்கள் எல்லாம் பட்டர் பேப்பரில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். வைத்து வைத்துப் பாதி விட்டுப்போகும். அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவள் நான். என் பெயர் கஸ்தூரி. இந்தப் பக்கத்திலாவது இருக்கட்டும்.

வயிறு எரிகிறது. சாப்பிடவில்லை.

ஜூன் 10

அம்மாவிடம் சொன்னேன். "நான் வந்து கேக்கட்டா? தேரடின்னும் பாக்க மாட்டேன், சட்டைய புடிச்சுடுவேன்" என்றாள். செய்வாள். அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே போய்ச் செய்வாள். வேண்டாம் என்றேன்.

நான் கேட்காமலா இருந்தேன்? பொங்கலுக்கு முன்னால் கேட்டேன். புத்தகத்தில் பதிப்பு விவரம் போடும் பக்கத்தில் "ஸ்வர எழுத்து: கஸ்தூரி" என்று ஒரே ஒரு வரி. சிரித்தான். "சம்பளம் வாங்கின இல்ல? அப்புறம் பேர் எதுக்கு? கொத்தனார் பேரையா வீட்டு வாசல்ல எழுதறாங்க?" கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தம்பி வாங்கிக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் ஆசிரமம் பக்கத்து வெள்ளைக்காரர்களுக்கு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

கொத்தனார். இருக்கட்டும்டா.

ஜூன் 14

போர்டைப் பார்த்ததிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃபாண்ட் அவனிடம் இருக்கிறது. அது எப்படி நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

புள்ளிக்கு நான் அகலமே கொடுக்கவில்லை. கொடுத்தால் எழுத்துக்குப் பக்கத்தில் தனியாகப் போய் நிற்கும். அகலம் பூஜ்யம் என்று வைத்து, பின்பக்கம் தள்ளி வரைந்தேன். அதனால் முன்னால் அடித்த எழுத்தின் தலையில் ஏறி உட்காரும். ஒல்லியான எழுத்துக்கு ஒரு புள்ளி, ரி, நி மாதிரி அகலமானதுக்கு வேறொரு புள்ளி. எல்லாம் சரி. ஒரே ஒரு நொண்டி. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடம் கூடினால் புள்ளியும் அந்த அளவுக்கு நகரும். நிறையக் கூடினால் அடுத்த எழுத்தின் தலைக்கே போய்விடும். எவ்வளவோ முட்டிப் பார்த்தேன், அதை ஃபாண்டுக்குள் சரிசெய்ய முடியவில்லை. ஸ்வரப் பக்கத்தை இடது ஓரத்தில் மட்டும் நேராகக் கட்டி, வலது ஓரத்தைக் கோணல்மாணலாக விட்டுவிடுவது ஒன்றுதான் வழி.

சக்கரபாணிக்குக் கோணல் ஆகாது. ப்ரூஃப் எல்லாம் முடிந்த பிறகு முழுப் புத்தகத்தையும் செலக்ட் செய்து, எழுத்தை இழுத்து, இரண்டு ஓரத்தையும் நேராக்குவான். அதற்கு அவன் வைத்த பெயர் இஸ்திரி. "கடைசியா ஒரு இஸ்திரி போட்டுட்டா கத்தியால வெட்டினாப்பல நிக்கும்." போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். அவன் தலை மறைந்ததும் ஸ்வரப் பக்கங்களை மட்டும் பழையபடி தளர்த்திவிட்டு நான் பிரிண்ட் கொடுப்பேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இதே கதைதான். அச்சாகி வந்தால் அவன் பார்ப்பது அட்டையும் முதல் பக்கமும். அதனால் இன்று வரை அவனுக்குத் தெரியாது.

இப்போது அந்தக் கடையில் இஸ்திரியைக் கலைக்க யார் இருக்கிறார்கள்?

ஜூன் 15

யாரும் இல்லை.

ஜூலை 22

மணியம்மாள் டீச்சர் வீடு தேடி வந்தார். பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். நான் அந்தப் பள்ளி இல்லை, ஆனால் ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். மலையைப் பற்றி அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்ட பாட்டுகளைப் புத்தகமாகக் கொண்டுவருகிறாராம். தீபத்துக்கு முன்னால் வெளியீடு. வேலையைச் சக்கரபாணியிடம் கொடுத்தாயிற்று. அந்த எழுத்தை வரைந்தவள் நான் என்று சொன்னேன்.

"உன் வேலைன்னு எனக்கு இன்னா தெரியும்மா? போர்டு பாத்தேன், குடுத்துட்டேன்."

போர்டு. அந்த போர்டு.

"கண்ணுல புரை. எல்லாம் வெள்ளையா தெரியுது. நீதான் ப்ரூஃப் பாக்கணும். ஸ்வரமும் தெரிஞ்சு கம்ப்யூட்டரும் தெரிஞ்ச ஆளு இங்க வேற யாரு?"

உடனே சரி என்றேன். டீச்சர் நான் ஏதோ பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டு போனார். கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 30

ப்ரூஃப் பார்த்து முடித்தேன். புது ஆபரேட்டர் யாரோ, நன்றாகத்தான் அடித்திருக்கிறார். வலது ஓரம் கோணலாக இருக்கிறது; புள்ளிகள் அதனதன் தலையில் இருக்கின்றன. இரண்டொரு இடத்தில் தப்பு, திருத்தினேன். யோக்கியமாகத் திருத்தினேன்.

"மலையே உனை அழைத்தேன்" என்று ஒரு பாட்டு. அதைப் பாடிப் பார்த்தேன். "அழைத்தேன்" வரும் இடத்தில் அ, ழை இரண்டுக்கும் மேல் ஸ்தாயி ஸ. இரண்டும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பிறகு ஒரு கால்புள்ளி, நீட்டுவதற்கு. அடக்கமான பாட்டு. டீச்சர் மாதிரியே.

"எல்லாம் சரியா இருக்குதாம்மா?"

"இப்ப வரைக்கும் சரியா இருக்குது டீச்சர்."

பொய் சொல்லவில்லை.

செப்டம்பர் 2

ஒரு போன் போதும். கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தில் போய், "ஸ்வரப் பக்கத்துக்கு இஸ்திரி போடாதீங்க சார்" என்று ஒரு வார்த்தை. டீச்சர் என்ன பாவம் செய்தார்? பிள்ளைகுட்டி இல்லை. அவர் பாடி யாரும் டேப்பில் பிடித்து வைக்கவில்லை. அவரிடமிருந்து மிஞ்சப்போவது இந்தப் புத்தகம் ஒன்றுதான்.

சார்! இன்னுமா என் வாயில் அவன் சார்? மாட்டேன். கொத்தனார் சொல்லி எந்த வீட்டுக்காரன் கேட்டான்? மாட்டேன்னா மாட்டேன்.

நவம்பர் 12

புத்தகம் வந்துவிட்டது. டீச்சர் ஒரு பிரதி கொடுத்தனுப்பியிருந்தார்.

போட்டிருக்கிறான்! இஸ்திரி போட்டிருக்கிறான்! இரண்டு ஓரமும் கத்தியால் வெட்டினாற்போல நிற்கிறது. ஸ்வர வரிகளில் வார்த்தை இடைவெளி கிடையாது. அதனால் இழுத்த இழுப்பெல்லாம் எழுத்துக்கு நடுவில்தான் போயிருக்கிறது. புள்ளிகள் ஊர் விட்டு ஊர் போய்விட்டன. "அழைத்தேன்" இடத்தில் முதல் ஸவின் புள்ளி இரண்டாவது ஸவின் தலையில். இரண்டாவதின் புள்ளி கால்புள்ளிக்கு மேல், ஏதோ அச்சுத் தூசி மாதிரி. முதல் ஸ மொட்டைத் தலையோடு நடு ஸ்தாயிக்கு விழுந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் இதே கூத்து.

அம்மாவுக்கு ஜிலேபி வாங்கி வந்தேன். "என்னடி விசேஷம்?" என்றாள். சும்மா என்றேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். ஊரே கூடிய இடத்தில் பாடும்போது தெரியும், உருவாக்கம் சக்கரபாணி எப்படி உருவாக்கியிருக்கிறான் என்று.

நவம்பர் 29, ஞாயிறு

போளூர் ரோடு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. முதல் வரிசைக்குப் பின்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்தேன். தீபத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி அங்கேதான்.

டீச்சரின் பழைய மாணவிகள் மேடை ஏறினார்கள். கையில் ஆளுக்கொரு புத்தகம். "மலையே உனை அழைத்தேன்" ஆரம்பித்தார்கள். அந்த இடம் வந்தது.

சரியாகப் பாடினார்கள். இரண்டு ஸவும் மேலேயே. ஒரு பிசிறு இல்லை.

ஒருத்தியாவது புத்தகத்தைப் பார்க்கணுமே! டீச்சர் வாயால் கேட்டது மனப்பாடம். புத்தகத்தை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. இன்னொருத்தி மூடியே வைத்திருந்தாள். நான் வரைந்த எழுத்தை ஒரு ஜீவன் படிக்கவில்லை. சரியாக இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டார்கள்.

சக்கரபாணிக்குப் பொன்னாடை. டீச்சர் கையாலேயே. இறங்கி வரும்போது என்னைப் பார்த்துவிட்டான். "வந்தியா கஸ்தூரி! பாத்தியா நம்ம புக்க?"

நம்ம புக்காம். நம்ம!

வீட்டுக்கு வந்து தலையணையில் குத்தினேன். உண்மையாகவே குத்தினேன்.

1999

பிப்ரவரி 3

டீச்சர் வீட்டில் புத்தகக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றனவாம். கோயில் கடைக்காரர்கள் "ஸ்வரப் புத்தகம் போகாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 18

அவன் பெண் தென்றல் பாட்டு படிக்கச் சென்னைக்குப் போயிருக்கிறாளாம். போகட்டும். எனக்கென்ன?

2001

மே 7, சித்ரா பௌர்ணமி

சாயங்காலம் கூட்டம் கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டது. நம் தெருமுனை டீக்கடையில் புது கேசட். "மலையே உனை அழைத்தேன்." இளம் குரல். நல்ல குரல், அதை மறுக்க மாட்டேன். அந்த இடம் வந்தது.

"அ" கீழே இறங்கி நின்றது. "ழை" ஒரேயடியாய் மேலே தாவியது.

கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன். மொட்டைத் தலை ஸ. நகர்ந்த புள்ளி. அது என் புள்ளி! புத்தகத்தில் இருக்கிறபடியே யாரோ பாடியிருக்கிறார்கள். அடிவாரத்தில் நிற்கிற ஒருத்தி மெதுவாக ஆரம்பித்து, உச்சி வரைக்கும் கேட்கணும் என்று கத்திக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நடந்து போன ஜனம் நின்று கேட்டது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓடிப்போய்க் கேசட் அட்டையைப் பார்த்தேன். பாடியவர்: தென்றல்.

மே 9

டவுனில் சக்கரபாணி டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். "எம்பொண்ணுக்கு ஒருத்தரும் சொல்லித் தரல. என் புக்கைப் பாத்தே கத்துக்கிச்சு. அந்த ஒரு தாவு இருக்குது பாரு, அதுக்கே கேசட் அவ்ளோ ஜாஸ்தி ஓடுது."

உலகத்தில் ஒரே ஒருத்தி என் ஸ்வரத்தைப் படித்தாள். அவளும் அவன் பெண்ணாக இருக்கணுமா? நான் வெட்டின குழி, அவன் அதில் கிணறு தோண்டித் தண்ணி இறைக்கிறான். ஐயோ ஐயோ.

மே 12

அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே அதைத்தான் பாடுகிறாள். அந்தத் தாவோடு.

"வேற பாட்டே கிடைக்கலையா உனக்கு?"

"நல்லாக்குதேடி. உனக்கு இன்னா வந்துச்சு?"

நன்றாக இருக்கிறது. அதுதான் என் எரிச்சலே. டீச்சர் போட்டதை விட நன்றாக இருக்கிறது.

ஜூன் 3

முடிவு பண்ணிவிட்டேன். டீச்சருக்கு இதைப் போட்டுக் காட்டணும். கண் ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை, வெளியே போவதில்லை, கேசட்டைக் கேட்டிருக்க மாட்டார். காது நன்றாகக் கேட்கும். அந்த இடத்தைக் கேட்டதும் பதறிப்போவார். "என் பாட்டைக் கெடுத்தது யார்?" என்பார். சக்கரபாணி போட்ட இஸ்திரி என்று நான் சொல்வேன். ஊருக்கே தெரியும். கேசட் அட்டையில் இருக்கும் பெயர் நாறிப்போகும், கடை வாசல் போர்டும் இறங்கும். மூன்று வருஷம் தாமதமானால் என்ன? ஆறிப்போனாலும் சோறு சோறுதான்.

ஜூன் 6, பௌர்ணமி

டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பே கோபுரத் தெருவுக்குப் போனேன். டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒரு பாட்டு கேளுங்க டீச்சர் என்று போட்டேன். என் முகத்தை அவர் பார்க்க முடியாது, நல்லவேளை.

முழுசும் கேட்டார். விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். அந்த இடத்தில் விரல் நின்றது. இதோ வருகிறது என்று நினைத்தேன்.

"இன்னொரு தடவ போடும்மா."

போட்டேன்.

"வார்த்தை என்னுது. பாட்டு என்னுது இல்ல" என்றார். கோபமே இல்லை. "நான் அந்த இடத்துல பயந்துட்டு மேலயே நின்னுட்டேன். கீழ எறங்கி தாவணும்னு எனக்குத் தோணவே இல்ல, பாரு. யாரு மெட்டுப் போட்டாங்க?"

சக்கரபாணி என்று சொன்னால் மெட்டுக்கும் அவன் பேர் வந்துவிடும்! நான் என்று சொன்னால்? நான் என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லை. ஒரு போன்கூடச் செய்யவில்லை.

"தெரியாது டீச்சர்."

"விசாரி. யாரோ அவங்க பேரைப் போடச் சொல்லு. அவ்ளோ செஞ்சவங்கள பேர் இல்லாம விடக்கூடாது, கஸ்தூரி. பாவம்."

வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் கூட்டம், கடைக்குக் கடை அதே பாட்டு.

2002

அக்டோபர் 11

டீச்சர் போய்விட்டார். எடுக்கும்போது மாணவிகள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். தாவிப் பாடினார்கள். டீச்சரிடம் நேராகக் கற்றவர்களே தாவிப் பாடினார்கள். அவர் போட்ட மெட்டை முழுசாகத் தெரிந்தவள் இனி இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

2003

ஆகஸ்ட் 19

வாசலில் ஸ்கூட்டி. தென்றல். சின்ன வயசில் யூனிஃபார்மில் பார்த்தது. நான் உட்காரச் சொல்லவில்லை. அவளே உட்கார்ந்தாள். அம்மா மோர் கொடுத்துவிட்டு அவளை முறைத்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் பாட்டுகளை மறுபடி அச்சுப் போடணுமாம். "அப்பா ஃபிளெக்ஸ் மெஷின் போட்டுட்டாரு கா. இந்த மாதிரி சின்ன எழுத்து வேலையே வாணாங்கறாரு. நீங்கதான் பண்ணித் தரணும்."

"எழுத்துதான் உங்க அப்பா உருவாக்கினதாச்சே. அவரையே கேளு."

தலை குனிந்தாள். "ஸ்கூல் விட்டு கடைக்கு வருவேன் இல்ல கா, பின்னாடி ரூம்ல நீங்க வரைஞ்சுட்டே இருப்பீங்க. எனக்கு ஞாபகம் இருக்குது. என் பேர வெச்சதே எனக்கு ஒரு மாதிரிதான் இருக்குது. இந்தப் புக்குல உங்க பேரப் போடறேன். அப்பா கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. டிவி பாத்துட்டு இருந்தாரு."

அவள் ஒரு பேப்பரை நீட்டினாள், பதிப்புப் பக்கத்தில் வரவேண்டியது.

பாடல்: மணியம்மாள்
'மலையே உனை அழைத்தேன்' மெட்டு: தெரியவில்லை
ஸ்வர எழுத்து: கஸ்தூரி

"நடுவுல இருக்கிறது டீச்சர் சொல்லி அனுப்பினது கா. சாகறதுக்கு முன்னாடி. நான் புக்குல இருந்ததைத்தான் பாடினேன். ஏன் அப்படி சொன்னாங்கன்னே புரியல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது" என்றேன். இரண்டாவது தடவை.

"பாட்டு நான் பாடற மாதிரியே வரட்டும் கா. ஜனங்களுக்கு அதான் தெரியும்."

ஆகஸ்ட் 27

அந்தப் பக்கத்துக்கு இன்றைக்குத்தான் வந்தேன். அன்று புள்ளி தானாக நகர்ந்தது. நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. இன்று இஸ்திரி கிடையாது, இழுப்பு கிடையாது, எழுத்து நின்ற இடத்தில் நிற்கிறது. முதல் ஸ அடித்துப் புள்ளி போடாமல் விட்டேன். இரண்டாவது ஸ அடித்துப் புள்ளி வைத்தேன். நானே, என் கையாலேயே. டீச்சர் போட்ட மாதிரி ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு அழித்தேன்.

செப்டம்பர் 1

பதிப்புப் பக்கம் அடித்தேன். பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். "ஸ்வர எழுத்து: கஸ்தூரி." இதற்காகத்தான் இவ்வளவும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு நேர் மேலே "தெரியவில்லை" என்று நிற்கிறது. இரண்டு வரியையும் சேர்த்து என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்று அது மாற வேண்டும், இல்லை இது போக வேண்டும்.

என் பெயரை எடுத்துவிட்டேன். ஸ்வரப் பக்கங்களின் வலது ஓரம் கோணலாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் போட்டு, என் பெயர் வேண்டாம் என்று ஒரு சீட்டும் வைத்து, தென்றலுக்கு அனுப்பியாயிற்று.

அக்டோபர் 5

புத்தகம் வந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். முதல் இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துத் தேடினாள்.

"உன் பேர் எங்கடி?"

"வரலம்மா."

"வரலியா? சொல்லிட்டுப் போனாளே அந்தப் பொண்ணு! அந்தத் திருட்டுப் பய எடுக்க வெச்சிருப்பான். கையில புண்ணு வர, இப்பக்கூட போடலையா அவன்?"

"போடலம்மா" என்றேன்.

அம்மா சாயங்காலம் வரை அவனைத் திட்டினாள், அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி. நான் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை.